ஏ.எல். முடித்த கையோடு சட்டம் படிக்கலாமா?

போன ஞாயிறு இரவு சித்தியின் மகள் போன் எடுத்தாள். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்து நாலு நாள். கலைப்பிரிவு, இரண்டு ஏ, ஒரு பி. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சாம். "அக்கா, எனக்கு லோ படிக்கத்தான் விருப்பம். ஆனா அப்பா சொல்றார், முதல்ல வேற டிகிரி ஒன்றை முடி, கொஞ்சம் முதிர்ச்சி வரட்டும், பத்தொன்பது வயசுப் பிள்ளை கோடு கச்சேரி எண்டு அலையிறது சரியில்லை எண்டு. நீங்க என்ன சொல்றீங்க?"

ஒன்றரை மணி நேரம் பேசினோம். வைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்த கையோடு யாராவது இரண்டு மூன்று பேர் சட்டத்தரணியான என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள், நானும் அவசரத்தில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேன், அதனால் இந்த முறை முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

என் பதில், போங்கள். இப்போதே போங்கள். ஆனால் போவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் போய் உட்கார வேண்டும். இரண்டு, சிங்களம் படிக்க வேண்டும். கடையில் சாமான் வாங்குகிற சிங்களம் காணாது, எழுத வாசிக்கப் படிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயது. அம்மம்மா அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் வாடகைப் பாக்கி என்று வழக்குப் போட்டுவிட்டார். உண்மையில் பாக்கி இல்லை. அம்மம்மா ஒவ்வொரு மாதமும் கையில் காசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், பற்றுச்சீட்டு கேட்டு வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. அவர் சாட்சி சொன்ன நாளில் அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான்தான் போனேன். மர வாங்கு, மேலே சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி, அம்மம்மாவின் கையில் மடித்துப் பிடித்த கைக்குட்டை. எல்லாம் நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கிறது.

பாக்கி என்று சொல்கிற மாதத்தில் வாடகை கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். அம்மம்மா தமிழில் சொல்லத் தொடங்கினார். ஓம், கொடுத்தேன், அன்றைக்கு ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில் இருந்து புறப்பட்ட நாள், நான் தேர் பார்த்துவிட்டு அந்த வழியாகவே அவர்களுடைய வீட்டுக்குப் போனேன், அவர் இல்லை, அவருடைய தாயார்தான் காசை வாங்கி எண்ணி, நீல மட்டை போட்ட கொப்பியில் திகதி போட்டு எழுதினார், எனக்கு ஒரு தேத்தண்ணியும் தந்தார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மொழிபெயர்ப்பாளர் நீதிபதியின் பக்கம் திரும்பி, மாதாமாதம் கொடுத்ததாகச் சொல்கிறார் என்று சிங்களத்தில் ஒரே வரியில் சொன்னார். பதிவானதும் அந்த வரிதான்.

கொப்பி போய்விட்டது. தாயார் போய்விட்டார். திகதியும் போய்விட்டது. எங்களுடைய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது, அதனால் எதை இழந்தோம் என்று அவருக்கும் தெரியாது. அந்த அறையில் இரண்டு பக்கத்தையும் கேட்டு விளங்கிக்கொண்ட ஆள் அநேகமாக நான் ஒருத்திதான். ஆனால் எழுந்து பேச எனக்கு உரிமையும் இல்லை, அதைச் சொல்லுமளவுக்குச் சிங்களமும் என் வாயில் இல்லை. வழக்கு தவணைக்கு மேல் தவணையாக நாலு வருடம் இழுபட்டது. கடைசியில் சமாதானமாகப் பேசி, அம்மம்மா அந்த வீட்டை விட்டு எழும்பினார்.

இது ஒரு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். பிறகு படிக்கும்போதுதான் அதன் அடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள். ஆனால் வடக்கு கிழக்கில் தமிழில் நடக்கும், மற்ற இடங்களில் சிங்களத்தில் நடக்கும். கொழும்பில் இத்தனை ஆயிரம் தமிழர் இருந்தாலும் இங்கே வழக்கு ஏடு சிங்களத்தில்தான். சிங்களம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை உண்டு. அந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு தூரம் போகும் என்பது மேசையில் நிற்கிற சட்டத்தரணியின் காதைப் பொறுத்தது.

சரி, இனி அந்த முதிர்ச்சிக் கதை. சித்தப்பாவில் பிழை சொல்லமாட்டேன், அவருக்கு இருப்பது பயம், அது மகள் மேலுள்ள பாசத்தில் வருவது. ஆனால் வேறு டிகிரி முடித்துவிட்டு வா என்பது அமெரிக்காவில் விதி, அங்கே முதற்பட்டம் இல்லாமல் சட்டக் கல்லூரிக்குள் போக முடியாது. இந்தியாவில் பிளஸ் டூ முடித்து நேரே ஐந்து வருடப் படிப்புக்கும் போகலாம், பட்டம் முடித்து மூன்று வருடப் படிப்புக்கும் போகலாம். இலங்கையில் பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே போவதுதான் வழமை. இன்னொரு டிகிரி எடுத்துக்கொண்டு போனால் இங்கே ஒரு பாடமும் குறையாது. மூன்று நாலு வருடம்தான் கூடும். முதிர்ச்சி வேண்டும் என்றால், அது மற்றவர்களுடைய கஷ்டத்தைக் கிட்ட இருந்து பார்க்கப் பார்க்க வருகிறது. அதற்குச் சட்டம் படிப்பதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வழிகள் என்ன என்று பலர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இசட் புள்ளி, அதாவது ஏ.எல். பெறுபேற்றில் இருந்து கணக்கிடுகிற அனுமதிப் புள்ளி, காணுமளவுக்குக் கிடைத்தால் அரச பல்கலைக்கழகம். கொழும்பில் சட்டபீடம், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் சட்டத்துறை. எல்எல்.பி. என்கிற சட்டப் பட்டம் நாலு வருடம். நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்திலும் எல்எல்.பி. இருக்கிறது, அதற்குத் தனியாக நுழைவுப் பரீட்சை. கலைப்பிரிவுதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், என்னோடு படித்தவர்களில் கணிதப் பிரிவில் இருந்து வந்தவர்களும் இருந்தார்கள், நானே உயிரியல். மருத்துவத்துக்குப் புள்ளி காணாது என்று தெரிந்த அன்று வீட்டில் செத்தவீடு மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் மனதுக்குள் பெரிய ஆறுதல்.

இன்னொரு வழி இலங்கைச் சட்டக் கல்லூரி, நான் போன வழி. புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1874இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை நுழைவுப் பரீட்சை. பொது அறிவும் நுண்ணறிவும் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம். உள்ளே மூன்று வருடம், பிறகு ஒரு சீனியரின் கீழ் பயிலுநராக வேலை, அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பல்கலைக்கழகத்தில் எல்எல்.பி. முடித்தவரும் நேரே நீதிமன்றத்தில் நின்று பேச முடியாது. அவரும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுதி, பயிற்சி முடித்து, சத்தியப்பிரமாணம் செய்த பிறகுதான் சட்டத்தரணி. இதை வீட்டில் முதலே சொல்லிவிடுங்கள். பட்டமளிப்பு முடிந்த அடுத்த மாதமே பிள்ளை கறுப்பு கோட் போடும் என்று அம்மா அப்பா காத்திருப்பார்கள்.

மூன்றாவது, தனியார் நிறுவனங்களில் படிக்கிற பிரித்தானியப் பட்டம். நல்ல படிப்புத்தான், ஆனால் பரீட்சைக் கட்டணமும் பல்கலைக்கழகக் கட்டணமும் பவுணில் போகும். 2022இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியபோது, பாதிப் படிப்பில் காசு கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். நகை அடகு வைத்துத் தொடங்குவதாக இருந்தால் முழுப் படிப்புக்கும் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் அந்தக் காத்திருப்பு. ஏ.எல். எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் தொடங்கும் வரை ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். நான் முதல் தடவை சட்டக் கல்லூரிப் பரீட்சையில் எடுபடவில்லை, இரண்டாவது தடவைதான் கிடைத்தது. இடையில் கிடைத்த மாதங்களில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். வெள்ளவத்தையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் சிங்களம் படித்தேன். வாரத்தில் மூன்று நாள். ஆரம்பத்தில் பாலர் வகுப்புப் புத்தகம், ஆறாம் மாதம் அவர் என் முன்னால் ஒரு பழைய காணி உறுதியை வைத்து, வாசி என்றார். எல்லை சொல்கிற பகுதியை வாசிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஓடை, தெற்கே பாதை. இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு அந்த ஒரு மணி நேரத்தில் இருந்து வருகிறது என்று சொன்னால் அது மிகை இல்லை.

படிப்பு எப்படி இருக்கும்? பாடமாக்குகிற படிப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாடமாக்கத்தான் வேண்டும், தண்டனைச் சட்டக்கோவை 1883, சாட்சியச் சட்டம் 1895, பிரிவு பிரிவாகத் தலையில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது வழக்குகள். ஸ்கொட்லாந்தில் ஒரு பெண் குடித்த இஞ்சிப் பியர் போத்தலில் அழுகிய நத்தை இருந்தது என்று போட்ட வழக்கு, 1932இல் முடிவானது. போத்தலை வாங்கியதே அவரில்லை, கூட வந்த சிநேகிதி. ஆனாலும் பொருளைச் செய்தவருக்கு அதைப் பாவிக்கிறவர் மேல் ஒரு பொறுப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. அதை வாசித்த அன்று வகுப்பில் யாரும் கதைக்கவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது கோடீஸ்வரன் வழக்கு. அவர் ஒரு அரசாங்க எழுதுவினைஞர். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் வந்தது, சிங்களத் தேர்ச்சி காட்டவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் ஒருவர் தன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குத் தொடரவே முடியாது என்று சொல்லிவிட்டது. 1969இல் லண்டனில் பிரிவி கவுன்சில், அன்றைக்கு நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றம் அதுதான், அந்த முடிவைப் புரட்டி, வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற முக்கியமான கேள்வி திரும்பி இலங்கைக்கே வந்து, பதில் இல்லாமல் நின்றுவிட்டது. சம்பள ஏற்றம் என்றால் மாதத்துக்குச் சில ரூபாய்கள். அந்தச் சில ரூபாய்க்காக ஒரு மனிதர் லண்டன் வரை போனார். அன்றிரவு எனக்கு அம்மம்மாவின் நீல மட்டைக் கொப்பிதான் கண்ணுக்குள் நின்றது.

பிறகு நம்முடைய தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்தது, இன்றும் யாழ்ப்பாணத் தமிழருக்குப் பொருந்தும், கொழும்பில் குடியிருந்தாலும் பொருந்தும். சித்திக்கு அம்மம்மா சீதனமாகக் கொடுத்த காணி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அதைச் சித்தி விற்பதாக இருந்தால் சித்தப்பா எழுத்தில் சம்மதம் தரவேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காணி சித்தியுடையது, கையெழுத்து மட்டும் இரண்டு. இது தங்கச்சிக்குத் தெரிந்திருக்கவில்லை. போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு "இது இப்பவும் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒன்றே போதும், இந்தப் பிள்ளை சட்டம் படிக்கத்தான் வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆங்கிலம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழ் மொழிமூலத்தில் படித்த பிள்ளைகள் பின்வாங்குகிற இடம் அதுதான். கம்பஸில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். சட்டக் கல்லூரியில் மூன்று மொழியிலும் பரீட்சை எழுதலாம், நான் தமிழில் தொடங்கினேன். ஆனால் பழைய தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், நல்ல பாடநூல்களும் ஆங்கிலத்தில், தமிழில் கிடைத்ததெல்லாம் மூத்த மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றி மங்கிப்போன போட்டோகொப்பி. 2020 கடைசியில் பரீட்சைகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு விதிகள் வந்தன. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவற்றைத் தோற்கடித்தது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆங்கிலம் இல்லாமல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு அடி வைக்க முடியாது. ஆனால் அதை உள்ளே போய்ப் படிக்கலாம், நான் படித்தேன். வாசலிலேயே ஆங்கிலத்தை வைத்துக் கதவைச் சாத்தினால் மூதூரில் இருந்தும் ஹட்டனில் இருந்தும் வரக்கூடிய பிள்ளை வராது. அந்தப் பிள்ளை வராவிட்டால் அந்த ஊர்ச் சனத்துக்காக நீதிமன்றத்தில் யார் காது கொடுப்பது?

சித்தப்பாவின் இன்னொரு பயம், பொம்பிளைப் பிள்ளை கோட்டில் என்ன செய்யும் என்பது. அம்மம்மாவின் காலத்தில் வக்கீல்களில் அப்புக்காத்து (அட்வகேட்), பிறக்கிராசியார் (ப்ரொக்டர்) என்று இரண்டு வகை, இரண்டுமே பெரும்பாலும் ஆண்கள். 1973இல் வந்த சட்டம் அந்த இரண்டையும் சேர்த்து எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கிற்று. இன்றைக்குக் காலையில் புதுக்கடையில் போய் நின்று பாருங்கள், வெள்ளைச் சேலையில் போகிற பெண்களை எண்ணி முடிக்க முடியாது. கஷ்டம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பயிலுநர் காலத்தில் கையில் வருவது பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் காணும், சில மாதம் அதுவும் காணாது. முதல் இரண்டு மூன்று வருடம் உங்களோடு ஏ.எல். எழுதிக் கணக்கியல் பக்கம் போனவர்கள் சம்பளம் எடுக்கும்போது நீங்கள் சீனியரின் பைலைத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள். வீட்டில் அந்தக் காலத்தைத் தாங்க முடியுமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள், வெட்கப்படவேண்டாம்.

ஆனால் போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். என்னிடம் வந்த ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், மகனைப் பற்றிய வழக்கு. சாட்சிக் கூட்டில் ஏறுவதற்கு முன் வராந்தாவில் வைத்து அவருக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். "அம்மா, இரண்டு வசனம் சொல்லுங்கோ, நிப்பாட்டுங்கோ. அவர் சிங்களத்தில சொல்லி முடிக்கட்டும். பிறகு அடுத்த இரண்டு." அவர் அப்படியே செய்தார். ஒரு இடத்தில் மொழிபெயர்ப்பில் ஒரு பெயர் விடுபட்டது. நான் எழுந்து, கனம் நீதிபதி அவர்களே, சாட்சி ஒரு பெயர் சொன்னார், அது பதிவாகவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பக் கேட்டார்கள், பெயர் பதிவானது. மொத்தம் அரை நிமிடம். வெளியில் வந்து அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். எனக்கும் பேச்சு வரவில்லை.

தங்கச்சி வியாழக்கிழமை என்னோடு வருகிறாள். நீதிமன்ற அமர்வுகள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை, யாரும் போய்ப் பின் வாங்கில் உட்காரலாம், போனை மட்டும் அணைத்துவிட வேண்டும். வெள்ளவத்தையில் ஏழரைக்கு நூறாம் நம்பர் பஸ், புறக்கோட்டையில் இறங்கி அங்கிருந்து நடை. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றாராம், அரை நாள் லீவு போடப்போகிறாராம்.